நோய்க்குப் பெயர் தெரியவில்லை, ஃபெரெட் மெலிந்துகொண்டே போகிறது: அடுத்து என்ன செய்வது?

வால்நட்சத்திரம்

எல்லோருக்கும் வணக்கம். என் ஃபெரெட் (கீரி மாதிரி நீளமான உடம்புள்ள சிறு வளர்ப்புப் பிராணி) பெயர் பஞ்சு. ஆண், கருத்தடை செய்தது, 4 வயது முடிந்து 5 நடக்கிறது. சில வாரங்களாக ஆளே சரியில்லை. கூண்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே பாய்ந்து வருகிறவன், இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான். எடை 1,240 கிராமிலிருந்து 1,010-க்கு இறங்கிவிட்டது. வழுவழுப்பான தரையில் நடந்தால் பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகின்றன. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கிறான், சாப்பிடுவதில்லை. மலம் ஒரு நாள் நன்றாக இருக்கிறது, ஒரு நாள் பச்சையாக, இன்னொரு நாள் குருணை குருணையாக. உடல் சூடு ஒருமுறை 40.4 டிகிரி செல்சியஸ், அடுத்த முறை 39.

ரத்தப் பரிசோதனையில் ரத்தசோகை, வெள்ளணுக்கள் சற்று அதிகம், குளோபுலின் என்ற ரத்தப் புரதம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. சிறுநீரகம், கல்லீரல் சரி. சர்க்கரை 92. எக்ஸ்ரேயில் மண்ணீரல் பெரிதாக இருக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை. "புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்டீராய்டு ஆரம்பித்துப் பார்ப்போமா?" என்கிறார் டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் நாய் பூனை அளவுக்கு ஃபெரெட் பார்த்ததில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

ஸ்டீராய்டு தொடங்கட்டுமா? அதுவரை வீட்டில் நான் என்ன செய்வது?

குட்டிப்புயல்

இது இன்சுலினோமாவேதான் சகோ, இன்சுலினை அதிகமாகச் சுரந்து சர்க்கரையைக் குறைக்கிற கணையக் கட்டி. பின்னங்கால் தடுமாறினால் வேறு யோசிக்கவே வேண்டாம். என் ஃபெரெட்டுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் சாப்பாட்டில் கொஞ்சம் தேன் கலந்து கொடுங்கள், தெம்பாகிவிடும்.

பழையபுத்தகம்

குட்டிப்புயல், அவசரப்படாதே தம்பி. ஃபெரெட்டுக்குப் பல நோய்களில் பின்னங்கால் தளரும். சர்க்கரை குறைந்தாலும் தளரும், இதயம் பலவீனமானாலும் தளரும், ரத்தம் குறைந்தாலும், முதுகுத்தண்டில் அடிபட்டாலும், அலூஷியன் என்ற வைரஸ் நோய் வந்தாலும், வயிற்றுவலியில் சாப்பிடாமல் கிடந்தாலும் அதே கதைதான். காலை வைத்து நோயைச் சொல்ல முடியாது.

தினமும் தேன் கொடுப்பது இன்சுலினோமாவிலேயே தவறு. கணையக் கட்டி சர்க்கரையைப் பார்த்ததும் இன்னும் அதிகமாக இன்சுலினைக் கொட்டும், கொஞ்ச நேரத்தில் சர்க்கரை முன்பைவிடக் கீழே போய்விடும். ஆள் சுருண்டு விழுந்தால் மட்டும் தேன். அப்போதும் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். வலிப்பு வரும்போது வாய்க்குள் விரலை விட்டால் விரல் போய்விடும். நினைவு திரும்பியதும் இறைச்சி உணவு கொடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வால்நட்சத்திரம், அந்த 92 எடுத்தபோது அவன் சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? 3, 4 மணி நேரம் பட்டினிக்குப் பிறகு எடுத்த 92 என்றால் இன்சுலினோமாவைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். 60, 70-க்குக் கீழே போனால்தான் சந்தேகம். அப்பொழுதுதான் சாப்பிட்டிருந்தான் என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். மனிதர்களுக்கான சர்க்கரை மீட்டர் வீட்டில் இருந்தால் அதையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஃபெரெட் ரத்தத்தில் அது உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டும்.

எச்சில் ஒழுகுவது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டுவது, எங்கேயோ வெறித்துப் பார்ப்பது, இதெல்லாம் உண்டா?

வால்நட்சத்திரம்

பட்டினி போட்டுத்தான் எடுத்தார்கள் அக்கா. எச்சில் இல்லை. வெறித்துப் பார்ப்பது இல்லை. வாயைப் பிறாண்டுவது எப்போதாவது, அதுவும் சாப்பாட்டு வாசனை பட்டால்தான்.

மருந்துச்சீட்டு

நான் கால்நடை மருத்துவர், முயல் ஃபெரெட் போன்ற சிறு பிராணிகள்தான் அதிகம் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் நோயைச் சொல்ல மாட்டேன், மருந்தளவும் சொல்ல மாட்டேன். உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: ரத்தம் எடுக்கும்போது மயக்கவாயு கொடுத்தார்களா? ஐசோஃப்ளூரேன் கொடுத்தால் ஃபெரெட்டின் சிவப்பணு அளவு சில நிமிடங்களிலேயே மளமளவென்று இறங்கிவிடும். மண்ணீரல் அணுக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். மருந்து தெளிந்ததும் அளவு மேலே வந்துவிடும். ஆகவே "ரத்தசோகை" என்று எழுதியிருப்பது உண்மையான ரத்தசோகையா, மயக்கவாயுவின் வேலையா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான ஃபெரெட்டுக்குச் சிவப்பணு விகிதம் மற்ற பிராணிகளைவிடக் கூடுதல், 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

இரண்டாவது, மண்ணீரல். நடுவயது தாண்டிய ஃபெரெட்டில் மண்ணீரல் பெருத்திருப்பது சர்வசாதாரணம். எலும்பு மஜ்ஜைக்கு வெளியே ரத்த அணுக்கள் உற்பத்தியாவதால்தான் பெரும்பாலும் அப்படி. உடம்பில் வேறெங்கோ பிரச்சினை நடக்கிறது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம். மண்ணீரல் பெரியது என்ற ஒன்றை வைத்துப் புற்றுநோய் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, நீங்கள் கேட்ட ஸ்டீராய்டு. இப்போது தொடங்காதீர்கள். பிரெட்னிசோலோன் கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. ஃபெரெட்டில் அது பாதி நோய்களுக்குக் கைகொடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இருந்தால் ஸ்டீராய்டு அதைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். அப்புறம் திசு எடுத்துப் பார்த்தாலும் தெளிவாகத் தெரியாது, பின்னால் கீமோ கொடுத்தாலும் சரியாக வேலை செய்யாது. வயிற்றில் புண் இருந்தால் அதுவும் மோசமாகும். மாதிரி எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு ஸ்டீராய்டுக்குப் போவதுதான் முறை. உயிர் போகிற நிலை என்றால் அது வேறு விஷயம்.

இன்னும் சில தகவல் வேண்டும். வீட்டில் வேறு ஃபெரெட் உண்டா? சமீபத்தில் புதிதாக யாராவது வந்தார்களா? ரப்பர், ஸ்பாஞ்சு மெல்லுகிற பழக்கம்? மலம் எப்போதாவது தார் மாதிரி கறுப்பாகப் போனதா?

வால்நட்சத்திரம்

டாக்டர், ஆமாம், மயக்கவாயு கொடுத்துத்தான் எடுத்தார்கள். பஞ்சு கடிப்பான் என்பதால் வேறு வழியில்லை என்றார்கள். சிவப்பணு 34 என்று தாளில் இருக்கிறது.

ஜில்லு என்று ஒரு பெண் ஃபெரெட் இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன் வந்தவள், அவள் நன்றாக இருக்கிறாள். செருப்பு, ரிமோட் பொத்தான் எதையும் விட்டுவைக்க மாட்டான் இவன். கறுப்பு மலம்... நீங்கள் கேட்ட பிறகு பழைய துணிகளைப் பார்த்தேன். கூண்டு மூலையில் காய்ந்திருந்தது கறுப்புதான். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் செம்பழுப்பாகக் கரைகிறது.

மருந்துச்சீட்டு

அந்தச் செம்பழுப்பு முக்கியம். செரித்த ரத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதோடு பல் கடிப்பு, உணவு வாசனைக்கு வாயைப் பிறாண்டுவது, இவை குமட்டலும் வயிற்றுவலியும். இரைப்பையில் ஏதோ இருக்கிறது என்பது வரைக்கும் வரலாம்.

காரணம் பல இருக்கலாம். ஹெலிகோபாக்டர் முஸ்டெலே என்ற கிருமி ஏறக்குறைய எல்லா ஃபெரெட்டின் வயிற்றிலும் குடியிருக்கிறது; உடம்பு நொந்துபோகிற நேரம் பார்த்துப் புண்ணாக்கும். ரப்பர் துண்டு சிக்கியிருக்கலாம். ரப்பர் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு, ஃபெரெட் அதை வாரக்கணக்கில் வயிற்றில் வைத்துக்கொண்டே மெலியும், வாந்தி எடுக்காமலே கூட. புதிய ஃபெரெட் வந்த பிறகு பச்சை வயிற்றுப்போக்கு என்றால் குடல் கொரோனா வைரஸ் நினைவுக்கு வரும். வருகிற குட்டிக்கு ஒன்றும் இருக்காது, வீட்டிலிருக்கிற பெரியது படுத்துவிடும். குருணை மலம் அதன் பின்விளைவாக நீடிக்கிற செரிமானக் கோளாறு. குடல் லிம்ஃபோமாவும் இப்படியே வரும். குளோபுலின் ஏறியிருப்பதால் அலூஷியன் நோய்க்கான சோதனையும் ஒருமுறை பார்த்துவிடலாம், அது மிங்க், ஃபெரெட் போன்ற பிராணிகளுக்கு வருகிற பார்வோ வைரஸ். காய்ச்சலும் வெள்ளணுவும் தசை அழற்சி நோயிலும் ஏறும், ஆனால் அது பெரும்பாலும் இளசுகளுக்கு வருவது.

எதற்கும் அடுத்த படி வயிற்று ஸ்கேன். எக்ஸ்ரே மறுபடி வேண்டாம். ரத்தமும் மயக்கவாயு இல்லாமல் ஒருமுறை. துணியில் சுற்றி, உணவுப் பசையை நக்கவிட்டுக்கொண்டே எடுக்க முடியும், இன்னொருவர் பிடித்துக்கொண்டால் போதும்.

பழையபுத்தகம்

டாக்டர் சோதனையைப் பார்த்துக்கொண்டார், நான் சாப்பாட்டுக்கு வருகிறேன். நோய்க்குப் பெயர் வருகிறவரை பஞ்சு பட்டினி கிடக்கக் கூடாது. ஃபெரெட்டுக்குச் சாப்பிட்டது 3, 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஒரு முழுநாள் சாப்பிடாமல் விட்டால் உடம்பு தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும்.

ஆனால் ஒன்று. வயிற்றைத் தொட்டால் சுருங்குகிறான், மலமே வரவில்லை, வாந்தி எடுக்கிறான் என்றால் ஊட்டாதீர்கள். அடைப்பாக இருந்தால் ஊட்டுவது ஆபத்து. மலம் ஏதோ ஒரு உருவில் வந்துகொண்டிருக்கிறது என்றால் ஊட்டலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

இறைச்சியை மட்டும் கொண்ட மீட்பு உணவுப் பொடி மருத்துவமனைகளில் கிடைக்கும், மாமிச உண்ணிகளுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். முயலுக்கானதைக் கொடுத்துவிடப் போகிறார்கள், அது புல். வெந்நீரில் கரைத்து, கட்டியில்லாமல், சிரிஞ்சு முனையில் தடையில்லாமல் வருகிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கைமணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. ஆறிய உணவை நோயாளி ஃபெரெட் தொடாது.

மடியில் துண்டு விரித்து, வயிறு கீழே இருக்கிற மாதிரி உட்காரவையுங்கள். மல்லாத்திப் போட்டு ஊட்டவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் உதட்டில் ஒரு சொட்டு தடவி நக்கவிடுங்கள். பிறகு கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்னத்துப் பக்கமாக முனையை வைத்து அரை மி.லி. மட்டும். தொண்டை ஏறி இறங்குவது தெரிகிறதா என்று பாருங்கள், விழுங்கிய பிறகு அடுத்தது. ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு 5 முதல் 10 மி.லி. போதும், ஒரு நாளைக்கு 5, 6 வேளை, அதில் ஒன்று நடு இரவில். பழகியதும் கூட்டலாம். சிலது மூன்றாம் நாளே சிரிஞ்சைப் பிடுங்கி நக்கும், சிலது கடைசி வரை துப்பும். துப்பியதை மோவாயிலிருந்து துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அந்த இடத்தில் முடி கொட்டி புண்ணாகும்.

எடை பார்க்கிற சமையல் தராசு ஒன்று வாங்கி, காலையில் சாப்பாட்டுக்கு முன், அதே டப்பாவில் உட்காரவைத்து எழுதிவையுங்கள். கண்ணுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரிதான் தெரியும், தராசு சொல்லிவிடும்.

குட்டிப்புயல்

தேன் விஷயம் புரிந்தது அக்கா. பச்சை இறைச்சி கொடுக்கலாமா அவனுக்கு?

பழையபுத்தகம்

ஏற்கெனவே பழகியிருந்தால் தொடரலாம். வயிறு புண்ணாகிக் கிடக்கிற நேரத்தில் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது. உணவு மாற்றத்துக்கு உடம்பு தேறட்டும்.

வால்நட்சத்திரம்

இப்போது இரவு மணி இரண்டு. பஞ்சு உடல் சூடு 40.6. மருத்துவமனையில் போன் எடுக்கவில்லை. வீட்டில் பாரசிட்டமால் சிரப் இருக்கிறது, குழந்தைகளுக்கானது. ஒரு சொட்டு கொடுக்கலாமா? யாராவது விழித்திருக்கிறீர்களா?

தூங்காதவன்

கொடுக்காதீர்கள்!! பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் இரண்டுமே ஃபெரெட்டுக்கு விஷம். ஐபுப்ரோஃபென் ஒரு மாத்திரையே கோமாவுக்குக் கொண்டுபோகும். பாட்டிலை மூடி எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஃபெரெட்டின் இயல்பான சூடு 37.8 முதல் 40 வரை. 40.6 அதிகம்தான், ஆனால் மனிதருக்கு 40.6 வந்த மாதிரி பதற வேண்டாம். வெப்பமானி வைக்கும்போது முண்டினாலே சூடு கொஞ்சம் ஏறும். ஐஸ் வைக்காதீர்கள். அறையைக் குளிர்ச்சியாக்கி, ஈரத்துணியை உள்ளங்காலில் தொட்டுத் தொட்டு எடுங்கள், அருகில் தண்ணீர். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். 41 தாண்டினால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், ஈறு வெளுத்தால், கூப்பிட்டும் அசையாவிட்டால், 24 மணி நேர மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஃபெரெட் தூக்கத்தில் பிணம் மாதிரிதான் கிடக்கும், அதனால் தூக்கிப் பிடித்து முகர வைத்துப் பாருங்கள்.

வால்நட்சத்திரம்

40.1. ஈறு ரோஸ் நிறம். தண்ணீர் குடித்தான். நன்றி.

தூங்காதவன்

நல்லது. வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் உண்டா? மனிதருக்கு வருகிற இன்ஃப்ளூயன்சா ஃபெரெட்டுக்கு அப்படியே ஒட்டும். 1933-இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டை வைத்துத்தான். பிறகு நோயாளி ஃபெரெட் ஒன்று ஆய்வாளர் முகத்திலேயே தும்மி அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. இரவு இரண்டு மணிக்கு இந்தக் கதை தேவையா என்று கேட்காதீர்கள், இந்த நேரத்தில் எனக்கு இதுதான் வரும். சளி பிடித்தவர் முகக்கவசம் போட்டு ஊட்டட்டும், அவ்வளவுதான்.

மருந்துச்சீட்டு

தூங்காதவன் சொன்னது சரி. வலிக்கு உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். பியூப்ரெனார்ஃபின் ஃபெரெட்டுக்குக் கொடுக்கிறோம். மெலாக்சிகாம் இப்போது வேண்டாம், வயிற்றில் புண் சந்தேகம் இருக்கிறது. ஸ்டீராய்டும் மெலாக்சிகாமும் சேர்ந்து ஒருநாளும் வேண்டாம்.

வால்நட்சத்திரம்

ஸ்கேன் முடிந்தது. ரப்பர் எதுவும் தெரியவில்லை. இரைப்பைச் சுவர் தடித்திருக்கிறது. குடலை ஒட்டிய நிணநீர்க்கணுக்கள் பெரிதாக இருக்கின்றன. ஊசி வைத்து கணுவிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் எடுத்தார்கள். மண்ணீரலில் ரத்த அணு உற்பத்தி மட்டும். கணுவில் "எதிர்வினை, லிம்ஃபோமாவை விலக்க இயலவில்லை". அலூஷியன் இல்லை. மயக்கவாயு இல்லாமல் எடுத்ததில் சிவப்பணு 45.

இத்தனைக்குப் பிறகும் பெயர் இல்லை. வயிற்றைத் திறந்து திசு எடுத்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். எடை 985. இந்த நிலையில் கத்தி வைக்கவா?

நிலாக்காலம்

சகோதரி, யாரும் கேட்க விரும்பாததை நான் கேட்கிறேன். பெயர் தெரிந்தால் என்ன மாறும்? லிம்ஃபோமா என்று வந்தால் கீமோ கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், அறுவை சிகிச்சை அவனுக்காகவா, உங்கள் மனசுக்காகவா? நான் ஒருத்திக்கு எல்லாம் செய்தேன். கடைசி மாதம் முழுக்க அவள் பார்த்தது ஊசியும் கூண்டும்தான்.

பழையபுத்தகம்

நிலா, நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இங்கே பெயர் தெரிந்தால் மாறுவது நிறைய. குடல் அழற்சி என்றால் ஸ்டீராய்டிலும் உணவிலும் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருப்பான். லிம்ஃபோமா என்றால் அதே ஸ்டீராய்டு சில மாதம் தாங்கும், அதை முன்கூட்டியே தெரிந்து நடந்துகொள்ளலாம். ரெண்டும் ஒரே மருந்துதானே என்று விட்டுவிடலாம்தான், விட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நிலாக்காலம்

அக்கா, 985 கிராமில் மயக்க மருந்து தாங்குவானா என்பதுதான் என் பயம். பெயர் முக்கியமில்லை என்று சொல்லவில்லை.

மருந்துச்சீட்டு

அந்தப் பயம் சரியானது. ஆனால் 34 இப்போது 45 ஆகிவிட்டதே, கவனித்தீர்களா? அவனுக்கு ரத்தசோகை பெரிதாக இல்லை. அந்த ஒரு எண்ணால் அறுவை சிகிச்சையின் ஆபத்து குறைகிறது. ரத்தம் தேவைப்பட்டாலும் ஃபெரெட்டுக்கு ரத்த வகைச் சிக்கல் கிடையாது, ஆரோக்கியமான இன்னொன்றிலிருந்து எடுத்து ஏற்றலாம்.

நான் என் நோயாளிக்குச் செய்வதைச் சொல்கிறேன். உடனே கத்தி வைக்க மாட்டேன். வயிற்றுக்கு மருந்து தொடங்குவேன்: ஒமெப்ரசோல், சுக்ரால்ஃபேட், ஹெலிகோபாக்டருக்கான ஆன்டிபயாடிக் கூட்டு. ஒரே மருந்து அந்தக் கிருமிக்குப் போதாது, அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் சேர்த்துத் தருவோம். மெட்ரோனிடசோல் பயங்கரக் கசப்பு, நுரை தள்ளினால் பயப்படாதீர்கள். சிரிஞ்சு உணவு தொடரட்டும். எடை ஏறினால் அந்தத் தெம்போடு திசு எடுக்கலாம். ஏறாமல் இறங்கினால் நிலாக்காலம் கேட்ட கேள்வியை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஸ்டீராய்டு இன்னும் வேண்டாம்.

வால்நட்சத்திரம்

சரி டாக்டர், அப்படியே பேசிவிட்டேன். எங்கள் டாக்டருக்கும் சம்மதம். சுக்ரால்ஃபேட்டை மற்ற மருந்துகளோடு சேர்க்கலாமா? ஒரே நேரத்தில் கொடுத்தால் எனக்குக் கொஞ்சம் தூங்க நேரம் கிடைக்கும்.

மருந்துச்சீட்டு

சேர்க்காதீர்கள். அது வயிற்றில் பூச்சு மாதிரி படியும், மற்ற மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் முதலில் அது, கொஞ்சம் இடைவெளி விட்டு மற்றவையும் உணவும். தூக்கத்துக்கு வீட்டில் இன்னொருவருக்கு நடு இரவு வேளையைப் பழக்கிவிடுங்கள்.

பழையபுத்தகம்

தரையில் விரிப்பு போட்டீர்களா? கால் விரிகிற ஃபெரெட்டுக்கு வழுக்கும் தரை பெரிய சித்திரவதை. யோகா பாய் வெட்டிப் போட்டால் போதும், ஆனால் அவன் மெல்லுகிறவன், ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். தொங்கு படுக்கையைக் கழற்றிவிட்டுத் தரைமட்டத்தில் படுக்கை, மணல் தட்டின் ஒரு பக்கச் சுவரை வெட்டித் தாழ்த்துங்கள். சூட்டுப்பை வைத்தால் கூண்டின் பாதிக்கு மட்டும், சூடு பிடிக்கவில்லை என்றால் அவன் நகர்ந்துபோக இடம் வேண்டும். அறை 30 டிகிரி தாண்டக்கூடாது, ஃபெரெட்டுக்கு வியர்க்காது.

வால்நட்சத்திரம்

ஒரு நல்ல செய்தி. பல் கடிப்பு நின்றுவிட்டது. எடை 985-லிருந்து 1,005, பிறகு 1,030, இன்று 1,060. கறுப்பு மலம் இல்லை. இன்று மதியம் ஜில்லுவின் கிண்ணத்திலிருந்து தானாகத் திருடித் தின்றான். பின்னங்கால் முழுசாகச் சரியாகவில்லை, காய்ச்சல் இடையில் ஒருமுறை வந்து போனது. குருணை மலம் தொடர்கிறது.

குட்டிப்புயல்

திருடினானா!!! அப்படியென்றால் ஆள் தேறிவிட்டான்.

மருந்துச்சீட்டு

மகிழ்ச்சி. ஆனால் குருணை மலமும் கணுவும் இருக்கும்வரை உள்ளே வேறேதோ இருக்கிறது, புண் அதன் மேல் வந்தது. இப்போது திசு எடுக்க நல்ல நேரம். உங்கள் டாக்டரிடம் இவற்றை உறுதிசெய்யுங்கள். ஒரே மயக்கத்தில் இரைப்பை, குடல், கணு, கல்லீரல் எல்லாவற்றிலிருந்தும் சிறு துண்டு எடுத்துவிட வேண்டும், கணுவில் மட்டும் எடுத்து நிறுத்தக் கூடாது. கணையத்தைத் தடவிப் பார்த்து முடிச்சு இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். முந்தைய இரவிலிருந்தே பட்டினி போடக் கூடாது. ஃபெரெட்டுக்கு 3, 4 மணி நேரம் போதும். மயக்கத்தின்போதும் பிறகும் சர்க்கரை பார்க்க வேண்டும். உடல் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இவ்வளவு மெலிந்த உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும்.

நிலாக்காலம்

அவன் படுக்கைத் துணியையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள், ஜில்லு படுத்த துணியாக இருந்தால் இன்னும் நல்லது. எழுந்ததும் தெரிந்த வாசனை வேண்டும் அவனுக்கு.

வால்நட்சத்திரம்

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். தையலை நக்குகிறான், குழந்தை சாக்ஸை வெட்டிச் சட்டை மாதிரி போட்டிருக்கிறேன், அதைக் கழற்றுவதையே வேலையாக வைத்திருக்கிறான்.

ஆய்வக முடிவு: இரைப்பையிலும் குடலிலும் நாள்பட்ட அழற்சி. எடுத்த துண்டுகளில் புற்றுநோய் அணுக்கள் இல்லை. கணு எதிர்வினை மட்டும். கணையம் சுத்தம். அழற்சிக்குக் காரணம் வைரஸா, உணவு ஒவ்வாமையா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். காய்ச்சல் ஏன் வந்தது என்பதற்கும் விடை இல்லை.

புண் ஆறியதும் குறைந்த அளவில் பிரெட்னிசோலோன், ஒமெப்ரசோலும் கூடவே. ஒரே இறைச்சி உணவுக்கு மெதுவாக மாற்றச் சொல்லியிருக்கிறார். நன்றாக இருந்தால் சில வாரங்களில் நிறுத்திவிடலாமா?

மருந்துச்சீட்டு

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது, படிப்படியாகக் குறைக்க வேண்டும், குறைக்கலாமா என்பதை எடையும் மலமும் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்வார். தடுப்பூசி ஏதாவது நெருங்குகிறது என்றால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் ஃபெரெட்டுக்கு வந்தால் பிழைப்பது அரிது, அதை மறந்துவிட முடியாது. ஸ்டீராய்டு எடுக்கிறபோது எப்போது போடுவது என்பது அவர் கணக்கு.

வால்நட்சத்திரம்

ஜில்லுவோடு எப்போது சேர்த்து விடலாம்? இருவரும் கம்பி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பழையபுத்தகம்

தையல் பிரிக்கிறவரை உங்கள் கண் எதிரில் மட்டும், அதுவும் அவள் ஓடியாடிக் களைத்த பிறகு. அவள் கழுத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் உடனே பிரித்துவிடுங்கள். மலத்தட்டு மட்டும் தனித்தனியாகவே இருக்கட்டும். அப்போதுதான் குருணை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.